எடுத்து வைக்க ஒரு கை

வெள்ளிக்கிழமை மாலைகளில் எல்டர்ஷா கூட்டுறவுக் கடையின் மேல்மாடியில் கார் ஓடும். உள்ளங்கை நீளக் கார்கள். ஓட்டுகிறவர்கள் பேரன் எடுத்த ஆண்கள். பலகையால் செய்த ஓடுபாதை அறையை அடைத்து வளைந்து கிடக்கும். அதில் நான்கு காடிகள் செதுக்கியிருக்கும். காரின் அடியில் உள்ள முளை காடிக்குள் இறங்கி நிற்கும்; காடியின் இரு கரையிலும் ஒட்டிய தாமிரப் பட்டையிலிருந்து மின்சாரம் ஏறும். ஓட்டுகிறவன் கையில் ஒரு விசை மட்டும். அழுத்தினால் வேகம், விட்டால் நிதானம். வளைவில் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டால் முளை காடியை விட்டுக் கிளம்பிவிடும். கார் பறந்துபோய் மல்லாந்து கிடக்கும்.

அப்படி விழுந்த காரை ஓட்டுகிறவன் போய் எடுக்கக் கூடாது. விசையை விட்டு நகரக் கூடாது என்பது விதி. அந்த ஓட்டத்தில் இல்லாதவர்கள் வளைவுக்கு ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள். விழுந்த காரை எடுத்துக் காடியில் வைப்பது அவர்கள் வேலை. இன்று நீ விழுந்தால் நான், நாளை நான் விழுந்தால் நீ. எடுத்து வைத்ததும் ஓட்டுகிறவன் நின்ற இடத்திலிருந்தே "தேங்க்ஸ்ப்பா" என்று குரல் கொடுப்பான். அந்த அறையில் வேறு மரியாதை எதுவும் கிடையாது. அந்த ஒன்றை யாரும் தவறவிட்டதும் கிடையாது.

கல்நார் ஆலை மூடிய ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அலெக் மார்ஸ்டனின் கார் விழுந்தபோது யாரும் எடுக்கவில்லை.

விழுந்த இடம் மூலை வளைவு. அங்கே உட்கார்ந்திருந்தவன் சிட் பட்டர்வொர்த், தபால்காரன். கார் அவன் முழங்கைக்குப் பக்கத்தில் சக்கரம் சுழல மல்லாந்து கிடந்தது. சிட் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிட், என் கார்" என்றார் அலெக்.

"எங்க? விளக்கு மங்கலா இருக்கு. ஒண்ணும் தெரியலையே."

"உன் கைக்குப் பக்கத்துலதான்."

"எல்லாத்தையும் பாக்கறது உன் வேலைதானேப்பா. நாங்க எல்லாம் ஒண்ணும் பாக்காதவங்க" என்றான் சிட். யாரோ சிரித்தார்கள். மற்ற மூன்று கார்களும் ஓடிக்கொண்டே இருந்தன. அலெக் செத்த விசையைப் பிடித்தபடி ஓட்டம் முடியும் வரை நின்றார். பிறகு நடந்து போய்த் தன் காரை எடுத்துத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அடுத்த ஓட்டத்தில் அவர் வளைவுக்கு உட்கார வேண்டிய முறை. உட்கார்ந்தார். சிட்டின் கார் விழுந்தது. எடுத்து வைத்தார். சிட் குரல் கொடுக்கவில்லை.

சிட் எதைச் சொல்லிக் குத்தினான் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அலெக் பிறந்தது ஆலையின் நிழலில், கல்லால் கட்டிய நீள வரிசை வீடுகளில் ஒன்றில். அப்பா ஆலையில், அம்மா ஆலையில், அண்ணன் டொனால்ட் ஆலையில். அலெக் பழுது பார்க்கும் ஃபிட்டர். கல்நாரை, அதாவது ஆஸ்பெஸ்டாஸை, சிக்கெடுத்து நூலாக்கும் கூடத்தில் டொனால்ட் நின்றான். அந்தக் கூடத்தில் தூசி பனி மாதிரி இறங்கும். உத்தரத்தில், மீசையில், மதியச் சாப்பாட்டு இறைச்சி அப்பத்தின் மேல் இறங்கும். தூசியை இழுக்கப் பெரிய காற்றாடிகள் இருந்தன. அவை ஓடினால் மின்செலவு, நூல் இழப்பு. அதனால் ஓடாது. ஆய்வாளர் வருகிற நாளில் வாசலில் மணி இரண்டு முறை அடிக்கும். உடனே காற்றாடிகள் சுழலும், தரையில் தண்ணீர் பாயும். ஆய்வாளர் வந்து, சுத்தமான காற்றை அளந்து, தேநீர் குடித்துவிட்டுப் போவார். மணியை அடிப்பவர் மேஸ்திரி லென் ஆர்மிடேஜ். மேலே அலுவலகத்திலிருந்து சொல்வார்கள், அவர் அடிப்பார். அலெக் காற்றாடிகளின் பெல்ட்டை மாட்டுவார், ஆய்வாளர் போனதும் கழற்றுவார். தன் கையால் மாட்டிக் கழற்றியதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

டொனால்ட் நாற்பதைத் தாண்டவில்லை. கடைசி மாதங்களில் படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினான். ஆலை மருத்துவர் மார்ச்சளி என்று எழுதினார். சிகரெட்டைக் குறை சொன்னார். சேப்பல் போதகர் ஆண்டவரின் சித்தம் என்றார். அதே கூடத்தில் நின்ற ஆண்களும் பெண்களும் வரிசையாக அதே இருமலை இருமிச் செத்தார்கள். மாடியில் கணக்கு எழுதியவர்கள் மட்டும் எண்பது வயதில் ரோஜா வளர்த்தார்கள். ஆண்டவரின் சித்தம் மாடிப்படி ஏறாது போலிருக்கிறது.

டவுன் ஹாலில் அரசு விசாரணை நடந்தபோது சாட்சி சொல்ல யாரும் எழவில்லை. அலெக் எழுந்தார். "ஆய்வாளர் வர்ற நாள்ல மட்டும்தான் காத்தாடி ஓடும். மத்த நாள்ல பெல்ட் என் பெட்டியில இருக்கும்" என்றார். மணி அடித்தது யார் என்று கேட்டார்கள். "உத்தரவு மாடியிலிருந்து வரும். அங்கே கேளுங்க" என்றார். லென்னின் பெயர் அவர் வாயில் வரவே இல்லை.

ஒரு வருடத்தில் ஆலை மூடியது. மூடியது என்பதுகூடச் சரியில்லை. இயந்திரங்களைக் கழற்றி எண்ணெய் போட்டு, பெட்டியில் அடைத்து, கூலி குறைந்த, சட்டம் தூங்கும் நாடு ஒன்றுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே வேறு மனிதர்களின் சோற்றின் மேல் அந்தப் பனி இறங்கத் தொடங்கியது. முதலாளிகள் தெற்கே கடற்கரை வீடுகளுக்குப் போனார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க அவர்கள் கைக்கு எட்டவில்லை. ஊரின் கோபம் எப்போதும் கைக்கு எட்டுகிற ஆள் மேல்தான் விழும். அலெக் எட்டினார்.

ரொட்டிக் கடையில் அவர் முறை வரும்போது மாவு தீர்ந்துவிடும். மதுக்கடையில் அவர் உட்கார்ந்த பெஞ்சு காலியாகும். வேலைக்கு அவர் பேருந்தேறிப் பக்கத்து ஊருக்குப் போனார். அதையெல்லாம் தாங்கிக்கொண்டார். கார் விழுந்து கிடந்த அந்த மாலைதான் அவரை உலுக்கியது. கைக்குப் பக்கத்தில் கிடப்பதை எடுத்து வைக்க ஒரு விரல் போதும். அதுவும் இல்லை என்றால் அவர் இந்த ஊரில் இல்லை என்றுதான் பொருள்.

"இனிமே ஏன் அங்க போற?" என்று மனைவி நோரா கேட்டாள். "வீட்ல உக்காரு. என்கூட ரேடியோ கேளு."

"போகலைன்னா அவங்க சொல்றது சரின்னு ஆயிடும்."

"போனா மட்டும்? பொம்மைக் காரைக் குப்புறக் கவுத்துட்டு ஒரு மணி நேரம் சிலையா நிப்ப. சர்க்கஸ்ல போய் நின்னா அதுக்குக் காசாவது குடுப்பாங்க."

அலெக் சிரித்தார். பிறகு சொன்னார்: "விழாத கார் ஒண்ணு பண்ணணும், நோரா. எடுத்து வைக்க ஆள் தேவைப்படாத கார்."

நிலக்கரி வைக்கும் கீழறையைக் காலி செய்து சின்னதாய் ஒரு பாதை போட்டார். வேலை முடிந்து வந்ததும் அங்கே இறங்கிவிடுவார்.

ஒரே மோட்டார், ஒரே பித்தளைச் சட்டம், ஒரே டயர். இருந்தும் ஒரு கார் வளைவில் வழுக்கிக்கொண்டு போகும், இன்னொன்று ஒட்டிக்கொண்டு போகும். மேல்மாடியில் இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. சிட் தன் காரை "ராசிக்காரி" என்பான், ஓட்டத்துக்கு முன் முத்தம் கொடுப்பான். இன்னொருவர் சிவப்புக் கோட்டுப் பாதையில் ஓட மாட்டார், ஆகாதாம். லென் ஆர்மிடேஜ் எல்லாவற்றுக்கும் மோட்டார்தான் மருந்து என்பார். அவரே கம்பி சுற்றிய மோட்டார் ஊளையிட்டுக்கொண்டு ஓடும். நேர்ப்பாதையில் அதைப் பிடிக்க முடியாது. வளைவில் அடிக்கடி பறக்கும். பறந்தால் என்ன? நான்கு கைகள் நீளும்.

அங்கேதான் விஷயம் இருந்தது. விழுந்தால் தூக்கிவிட ஆள் இருக்கிறவன் வேகத்தைத் தேடலாம். இல்லாதவன் பிடிப்பைத் தேட வேண்டும்.

அலெக்கும் முதலில் எல்லோரும் செய்கிற தவறையே செய்தார். கார் தாவுகிறதா, கனமாக்கு என்று சட்டத்தின் மேல் ஈயத்தை ஒட்டினார். கனமான கார் வளைவுக்குள் போனதும் தன் கனத்தாலேயே வெளியே வீசப்பட்டது. கிணற்று வாளியைச் சுழற்றினால் அது வெளியே இழுப்பதில்லையா, அதே கதை. ஈயத்தைப் பிய்த்தார். முளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துணுக்கை மட்டும், தரையோடு தரையாகத் தாழ்த்தி ஒட்டினார். முன் சக்கரங்கள் பாதையில் பட்டும் படாமல் இருக்கும்படி உயர்த்தினார், முளை ஆழமாக அமர்ந்தது. பின் டயர்களை உப்புத்தாளின் மேல் ஓடவிட்டுத் தேய்த்தார். பார்வைக்கு வட்டமாக இருந்த ஸ்பாஞ்ச் டயர் உண்மையில் கோழிமுட்டை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் பசை நாடாவில் டயரை ஒற்றித் தூசியை எடுத்தார். தூசி படிந்த டயர் எதையும் பிடிக்காது.

ஒருமுறைக்கு ஒரு மாற்றம்தான் செய்வார். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. அப்படிப் பார்த்துப் பார்த்துக் கார் நன்றாகவே ஆகிவிட்டது. ஆனாலும் நீண்ட வளைவில், பாதி தாண்டியதும், ஒரு நடுக்கம் வரும். நடுக்கம் வந்தால் அடுத்த நொடி தாவல். எங்கேயோ தளர்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கினார். நடுக்கம் கூடியது. இன்னும் இறுக்கினார்.

ஒரு மாலை, மேலோட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் திருகாணிகளில் ஒன்று எங்கோ விழுந்துவிட்டது. தெரியாமல் ஓட்டினார். மேலோடு கடகடவென்று ஆடியது. கார் வளைவைக் கோடு போட்ட மாதிரி கடந்தது. மறுபடி கடந்தது.

மேல்மாடியில் யாருக்காவது இது நடந்திருந்தால் அந்தக் காருக்குப் பெயர் வைத்திருப்பார்கள். அலெக் திருகாணியைத் தேடி எடுத்து மாட்டி இறுக்கினார். கார் விழுந்தது. இரண்டு பக்கமும் அரைத் திருகு தளர்த்தினார். நின்றது. இறுக்கினார், விழுந்தது. தளர்த்தினார், நின்றது. அதிர்ஷ்டம் இப்படிக் கூப்பிட்ட குரலுக்கு வராது. காரணம் வரும்.

காரணமும் எளிமையானது. இறுக்கிப் பிணைத்தால் சக்கரம் வாங்குகிற ஒவ்வொரு அடியையும் மேலோடும் வாங்கும். வாங்கி, ஆடி, திருப்பி டயரையே தூக்கிவிடும். தளர்ந்திருந்தால் ஆட்டம் மேலோட்டோடு போய்விடும். கீழே சட்டம் அமைதியாகப் பாதையைக் கவ்விக்கொண்டு போகும்.

அடுத்த குளிர்காலத்தில் அலெக்கின் கார் வளைவுகளில் விழுவது அநேகமாக நின்றுபோனது. நேர்ப்பாதையில் எல்லோரும் அவரைக் கடந்தார்கள். வளைவுகளில் எல்லோரும் விழுந்தார்கள். எடுத்து வைப்பதற்குள் அவர் போய்க்கொண்டே இருந்தார். முணுமுணுப்பு கிளம்பியது. அடியில் காந்தம் ஒளித்திருக்கிறான் என்றார்கள். ஒரு நாள் போட்டி முடிந்ததும் லென் வந்து காரைக் கேட்காமலே எடுத்தார். பாதைப் பலகையின் மேல் ஓர் ஊசியைப் போட்டு, காரை அதன் மேல் பிடித்தார். ஊசி அசையவில்லை. காரைக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். கடகடவென்றது. முகத்தைச் சுளித்தார்.

"ஃபிட்டராம். ஒரு ஸ்க்ரூவை ஒழுங்கா முடுக்கத் தெரியல" என்று அறைக்குப் பொதுவாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

அதுதான் லென். தளர்ந்து ஆடுகிற எதையும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஆலையில் ஒரு தகடு கடகடத்தால் தூக்கம் வராது அவருக்கு. சட்டைப் பையில் எப்போதும் குட்டித் திருப்புளி ஒன்று இருக்கும். ஆலை மூடிய பிறகு அவருக்கு வேலை கிடைக்கவில்லை. மணி அடித்த கையைப் பற்றி அவரும் பேசவில்லை, அலெக்கும் பேசவில்லை. தன்னைக் கெடுத்தவனை மன்னித்துவிடலாம். கேட்காமலே தன்னைக் காப்பாற்றியவனை மன்னிப்பது லேசில்லை.

வசந்தம் வருவதற்கு முன், ஹாலிஃபாக்ஸ் மார்பு மருத்துவமனையில், எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் அலெக் உட்கார்ந்திருந்தார். லென் வந்தார். வேறு இடம் காலியில்லை. நின்று பார்த்தார், மூச்சு வாங்கியது, உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு தொப்பி அளவு இடம் இருந்தது.

சுவரைப் பார்த்துக்கொண்டே லென் சொன்னார்: "எல்லாம் சிகரெட்டாலதான்னு நம்ம டாக்டர் சொல்றான்."

"நீங்க சிகரெட்டே தொடமாட்டீங்களே, மேஸ்திரி."

"அதைத்தான் நானும் சொன்னேன். 'அப்ப உங்க அப்பா பிடிச்சிருப்பாரு'ங்கறான்."

அலெக்குக்குச் சிரிப்பு வந்தது. லென்னும் சிரிக்கப் பார்த்தார், இருமலாக முடிந்தது. இருமி ஓய்ந்ததும் கைக்குட்டையை மடித்து வைத்தார்.

"உனக்கு என்ன சொன்னாங்க?"

"ஓரத்துல ஒரு நிழல் இருக்காம். பாத்துக்கிட்டே இருப்போம்ங்கறாங்க."

"எனக்குப் பாத்து முடிச்சுட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு டவுன் ஹால்ல என் பேரைச் சொல்லியிருக்கலாம்ல?"

"உங்க பேரைச் சொன்னா உங்களோட முடிச்சுக்குவாங்க. மாடியில இருந்தவங்க தப்பிச்சுருவாங்க."

"அவங்க எப்படியும் தப்பிச்சுட்டாங்களேடா."

"ஆமா."

"உன்னை யாருடா கேட்டா, என்னைக் காப்பாத்தச் சொல்லி?"

நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டாள். லென் பெஞ்சைப் பிடித்து எழுந்தார். உதவிக்கு நீண்ட அலெக்கின் கையைப் பார்த்தார், பிடிக்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

வசந்தத்தின் கடைசியில், பெந்தெகொஸ்தே விடுமுறையான விட் வாரத்தில், ஆண்டுக் கோப்பைக்கான போட்டி வந்தது. அலெக் இறுதி ஓட்டத்துக்கு வந்துவிட்டார். கூட சிட்டும் வேறு இருவரும். லென் அந்த முறை ஓட்டவில்லை, நின்று ஓட்ட மூச்சு இல்லை. தூர வளைவுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஜன்னலுக்கு அப்பால் சேப்பல் தெரிவதால் அதற்குச் சேப்பல் வளைவு என்று பெயர். இருப்பதிலேயே மோசமான வளைவு அது.

நான்கு பாதையும் சமமில்லை. உள்பாதை நெருக்கம், வெளிப்பாதை நீளம். அதனால் இறுதி ஓட்டத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொருவரையும் ஒவ்வொரு பாதையிலும் ஓடவிடுவது வழக்கம். ஒரு பகுதி முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்துவார்கள். கார்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். பக்கத்தில் இருக்கும் வளைவுக்காரர் காரை எடுத்து அடுத்த காடியில் வைப்பார். வைக்கும்போது ஏதாவது கழன்றிருந்தால் சரி செய்தும் கொடுப்பார். அதுவும் அந்த அறையின் பழைய முறைதான். அலெக்குக்கு மட்டும் அந்த முறை இல்லை. அந்த இடைவேளையில் விசையை விட்டு நகரலாம் என்பதால், அவர் தானே நடந்து போய் மாற்றிக்கொள்வார்.

மூன்று பகுதி முடிந்தது. அலெக்கின் கார் ஒருமுறைகூட விழவில்லை. சிட் அவரை விட ஒரு சுற்றுக்கு மேல் பின்தங்கியிருந்தான். அறையில் பேச்சு அடங்கிவிட்டது. ஊர் விலக்கி வைத்தவன் ஊரின் கோப்பையை எடுத்துக்கொண்டு போகப் போகிறான், அதுவும் ஒருவர் தயவும் இல்லாமல். அலெக்கும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நினைத்துக்கொண்டிருந்தபோது அதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மின்சாரம் நின்றபோது அவருடைய கார் சேப்பல் வளைவில் நின்றது. அலெக் விசையை வைத்துவிட்டுக் கிளம்பினார். இரண்டடி போயிருப்பார். லென் கையை நீட்டிக் காரை எடுத்தார்.

அறை முழுவதும் பார்த்தது. சிட்டின் வாய் திறந்தபடி இருந்தது.

லென் யாரையும் பார்க்கவில்லை. காரைப் புரட்டினார். அது கடகடத்தது. அந்தச் சத்தம் அவர் முகத்தில் ஓடியதை அலெக் பார்த்தார். லென் சட்டைப் பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்தார்.

"வேண்டாம், மேஸ்திரி" என்று சொல்ல நேரம் இருந்தது. தாராளமாக இருந்தது. திருப்புளியின் நுனி திருகாணித் தலையில் அமராமல் வழுக்கியது, மறுபடி வைத்தார். இடது பக்கம் இறுகியது. மூச்சு வாங்க நிறுத்தினார். ஊரே ஒதுக்கியவனின் காரில், ஊர் பார்க்க, தன் கைவேலையை லென் செய்துகொண்டிருந்தார். பெஞ்சில் பிடிக்காத கையை இப்படித்தான் அவரால் பிடிக்க முடியும். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் கோப்பை நிச்சயம். அந்தக் கை மறுபடி நீளாது என்பதும் நிச்சயம்.

அலெக் திரும்பி நடந்து போய் விசையை எடுத்துக்கொண்டார்.

வலது பக்கமும் இறுகியது. லென் காரைக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை. திருப்தியோடு காடியில் வைத்தார், முளை சரியாக அமர்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தார்.

மின்சாரம் வந்தது. முதல் வளைவிலேயே அந்தப் பழைய நடுக்கம் விசை வழியாகக் கட்டைவிரலுக்கு வந்தது. அலெக் வேகத்தைக் குறைத்தார். குறைத்தால் சிட் நெருங்கினான். கொஞ்சம் கூட்டினார். சேப்பல் வளைவில் பாதி தாண்டியதும் கார் உதறிக்கொண்டு கிளம்பி, ஜன்னல் கட்டையில் மோதிக் கவிழ்ந்தது.

லென் குனிந்தார். எடுத்தார். வைத்தார்.

"தேங்க்ஸ், மேஸ்திரி" என்றார் அலெக். ஆலை மூடிய பிறகு அந்த அறையில் அவர் முதல் முறையாகச் சொன்ன நன்றி. குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"ஓட்டுடா, ஓட்டு" என்றார் லென்.

மறுபடி விழுந்தது, அதே வளைவில். மறுபடி கை நீண்டது. பிறகு மூலை வளைவில் விழுந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் லென்னை ஒருமுறை பார்த்தார். எடுத்து வைத்தார். "தேங்க்ஸ்ப்பா" என்றார் அலெக். அவருக்கும் சொன்னார். கடைசியில் மூன்றாவதாக வந்தார். கோப்பை சிட்டுக்குப் போனது. அவன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பிறகு தேநீர் மேசைக்கு வந்தான். அலெக் பக்கத்தில் நின்று தேநீர் எடுத்தான். கண்ணைப் பார்க்காமல் கேட்டான்: "நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு. கடைசில என்னாச்சு உன் காருக்கு?"

லென்னும் அங்கே இருந்தார், இஞ்சிக் கேக்கைச் சின்னதாகப் பிட்டுக்கொண்டு.

டவுன் ஹாலில் ஊரே எதிரில் இருந்தபோது உண்மை சொன்ன மனிதர் அலெக். கொஞ்சம் யோசித்தார்.

"டயர்ல தூசி" என்றார்.

லென் நிமிர்ந்து பார்த்தார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிப்பா இருமலா என்று முதலில் தெரியவில்லை.

"தூசியா?" என்றார் மூச்சுக்கு நடுவில். "தூசின்னு சொன்னா இந்த ஊர்ல எவன்டா நம்புவான்?"

யாரும் சிரிக்கவில்லை. சிட் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தான். அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு இருமல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நோரா காரை வாங்கி ஆட்டிப் பார்த்தாள். கீழறையிலிருந்து இத்தனை நாள் கேட்ட கடகடப்பு இல்லை.

"யாரு இதை முடுக்கினது?"

அலெக் சொன்னார். அவள் காரை மேசையில் வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ அவர்கிட்ட சொல்லலையா?"

"இல்ல."

லென் ஆர்மிடேஜ் அறுவடைத் திருநாளுக்கு முன்பே இறந்தார். மருத்துவமனை இந்த முறை உண்மையான காரணத்தை எழுதியது. எழுதியதால் யாரும் தண்டிக்கப்படவில்லை. சவப்பெட்டியைத் தூக்கிய அறுவரில் அலெக் ஒருவர். லென்னின் மனைவி கேட்டுக்கொண்டதால் தூக்கினார். எதிர்ப் பக்கத்தில் சிட் தூக்கினான். படியிறங்கும்போது அலெக்குக்கு மூச்சு வாங்கியது. சிட் நின்று, அவருக்காகக் காத்து, பிறகு அடியெடுத்து வைத்தான்.

அந்தக் குளிர்காலத்தில் அலெக் வேறொரு கார் செய்தார். ஈயம் தாழ்வாக, டயர் வட்டமாக, மேலோடு அரைத் திருகு தளர்வாக. ஏன் தளர்வாக என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஒரு வருடத்தில் மேல்மாடி முழுக்கக் கார்கள் கடகடத்தன. சிட் மட்டும் ஓட்டத்துக்கு முன் முத்தம் கொடுப்பதை விடவில்லை.

பழைய கார் அடுப்புக்கு மேலே பலகையில் இருந்தது. அதன் திருகாணிகளை அவர் தளர்த்தவில்லை.